பன்றிக்கறியின் வாசத்தை ஏன் மறைக்க வேண்டும்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழின் சமையல் பக்கத்தில் சீன முறைப் பன்றிக்கறி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. காலைப் பூசை முடிந்து வந்து காப்பியோடு உட்கார்ந்து படித்தேன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடிதம் நீளமாகத்தான் போகும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சமைக்கும் விதம் எழுதியிருக்கிற பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அந்தக் குறிப்பு சொன்னது இதுதான். தோலையும் கொழுப்பையும் துளி இல்லாமல் நீக்கிவிட வேண்டும். குக்கரில் நாலு விசில் விட வேண்டும். மைதா, சோளமாவு, சிவப்புப் பொடி எல்லாம் பிசைந்து எண்ணெயில் பொரிக்க வேண்டும். அப்புறம் தக்காளி சாஸ், மிளகாய் சாஸ், சோயா சாஸ் மூன்றையும் ஊற்றிப் பிரட்ட வேண்டும். தொடக்கத்தில், நமக்குப் பழக்கமில்லாத இறைச்சி என்று ஒரு வரி. கடைசியில், இப்படிச் செய்தால் பன்றி வாடையே தெரியாது, விருந்தாளிக்குச் சொல்லாமலே பரிமாறலாம் என்று இன்னொரு வரி.

அந்தச் ‘சொல்லாமலே’ பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு இஸ்லாமியக் குடும்பம் இருக்கிறது. நோன்பு மாசத்தில் அங்கிருந்து கஞ்சி வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். பன்றிக்கறி ஆக்குகிற அன்று எங்கள் வீட்டுக் கரண்டிகூட அந்தப் பக்கம் போகாது. கறியே தொடாதவர்கள் இருக்கிறார்கள், இந்த ஒரு கறியை மட்டும் தொடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இலையில் தெரியாமல் இதை வைப்பது துரோகம். அந்த வரியை அச்சில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இனி சமையலுக்கு வருகிறேன். 1995 முதல் 2008 வரை சிங்கப்பூரில், தோ பாயோ என்ற இடத்தில், ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்தேன். ஒன்பதாவது மாடி. வீட்டில் ஒரு பாட்டி, அவர் மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மகன் பள்ளிக்கூட ஆசிரியர். அவர்கள் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு பேசுகிறவர்கள். பாட்டியை எல்லாரும் ‘அமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது நம்ம ‘அம்மா’ மாதிரியே காதில் விழுந்ததால் முதல் நாளே நானும் அப்படியே கூப்பிட்டேன். அமாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது. அந்தக் காலத்துச் சந்தை மலாய் கொஞ்சம் அவர் பேசுவார். அதை வைத்துத்தான் பதின்மூன்று வருஷம் ஓட்டினோம்.

போன முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அமா சந்தையிலிருந்து வயிற்றுக்கறி ஒரு பெரிய துண்டு வாங்கி வந்து என்னிடம் கொடுத்து, வெட்டச் சொல்லி ஜாடை காட்டிவிட்டுக் குளிக்கப் போனார். பட்டணத்து ஆட்கள் கொழுப்புத் தின்ன மாட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, தோலையும் அதை ஒட்டியிருந்த வெள்ளைக் கொழுப்பையும் சீவிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். ஈஸ்டருக்குப் பன்றி அடித்து, வைக்கோல் போட்டு வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவி, கூறு போட்டுக் கொடுப்பார்கள். வார், அதாவது தோலும் அதை ஒட்டின கொழுப்பும், அதிகமாகக் கிடைக்கிற கூறுக்குத்தான் போட்டி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் நான். ஆனாலும் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்றபோது, வாரை எறிவதுதான் நாகரிகம் என்று என் கை தானாகவே செய்தது.

அமா வந்து பார்த்தார். ஒன்றும் கத்தவில்லை. தொட்டியில் கையை விட்டு அந்தத் தோலை எடுத்து, உப்புப் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவினார். “ஜாங்கான் புவாங்” என்றார். எறியாதே என்று அர்த்தம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னையும் நிற்க வைத்துச் சமைத்துக் காட்டினார். அன்றைக்கு ஆக்கியது ‘தாவ் யூ பா’. தாவ் யூ என்றால் சோயா சாஸ், பா என்றால் கறி. அவர்கள் மொழியில் வெறுமனே கறி என்று சொன்னாலே பன்றிக்கறிதான். மற்ற கறிகளுக்குத்தான் முன்னால் பெயர் சேர்க்க வேண்டும்.

அதைத்தான் உங்கள் வாசகர்களுக்கு எழுத நினைக்கிறேன். மதுரையில் கிடைக்காத சாமான் இதில் ஒன்றும் இல்லை.

கறிக்கடையில் சொல்லும்போதே சரியாகச் சொல்ல வேண்டும். இங்கே கட்டையில் வைத்து எலும்போடு சின்னச் சின்னதாகக் கொத்திவிடுவார்கள். நான் போனதும், “அண்ணே, வயித்துக்கறி, வாரோட, ஒரே துண்டா குடுங்க, கொத்திறாதீங்க” என்பேன். “எல்லாரும் வார எடுத்துட்டுக் குடுங்கங்குறாங்க, நீங்கதான் யக்கா வாரோட கேக்குறீக” என்பார் அவர். அந்தத் துண்டைக் குறுக்கே வெட்டினால் தோல், கொழுப்பு, கறி, கொழுப்பு, கறி என்று அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். சீனத்தில் அதற்கு ஐந்து பூக் கறி என்று பெயர். ஹொக்கியன்காரர்கள் மூன்றடுக்குக் கறி என்பார்கள். அந்த அடுக்கு இல்லாமல் தொடைக்கறியில் செய்தால் வைக்கோல் மாதிரி இருக்கும்.

ஒரு கிலோ கறியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னதாக வேண்டாம், வெந்தால் சுருங்கும். பச்சைத் தண்ணீரில் கறியைப் போட்டு, நசுக்கிய இஞ்சித் துண்டு ஒன்றையும் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது. தண்ணீர் சூடேற ஏற உள்ளே இருக்கிற ரத்தமெல்லாம் சாம்பல் நிற நுரையாக மேலே வரும். கொதித்து ஐந்து நிமிஷம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியைக் கழுவி வடியவிடுங்கள். உங்கள் குறிப்பு பயப்படுகிற வாடையில் பெரும்பங்கு இந்த நுரையோடு போய்விடும். இதற்கப்புறமும் மூக்கில் அடித்தால் வாங்கிய கறியில்தான் கோளாறு. காயடிக்காமல் வளர்த்த பெரிய ஆண் பன்றியின் கறியில் மூத்திர வாடை மாதிரி ஒன்று இருக்கும், அதை எதுவும் போக்காது. நல்ல கடையாகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

பிறகு மண்சட்டி. கனமான இருப்புச்சட்டி இருந்தாலும் சரி. இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, நெல்லிக்காய் அளவு கற்கண்டைத் தட்டிப் போடுங்கள். அங்கேயும் இந்தக் குழம்புக்குக் கற்கண்டுதான். கற்கண்டு இல்லாவிட்டால் சீனி இரண்டு மேஜைக்கரண்டி. தீயைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். உருகும், நுரைக்கும், தேன் நிறமாகும், அப்புறம் டீ டிகாக்ஷன் நிறத்துக்குத் திரும்பும். அந்த நொடியில் கறியைப் போட்டுப் புரட்ட வேண்டும். இன்னும் பத்து எண்ணுகிற நேரம் விட்டால் கசந்துவிடும். ஒரு தரம் போன் வந்து நான் திரும்பினேன், மொத்தக் குழம்பும் கசப்பு. கறி பளபளவென்று செம்பட்டையாக மாறுவதைப் பார்த்தால் யாருக்கும் சிவப்புப் பொடி நினைப்பே வராது.

ஒரு முழுப்பூண்டை உரிக்காமல் பல் பல்லாகப் பிரித்துப் போடுங்கள். இரண்டு அன்னாசிப்பூ, ஒரு விரல் நீளம் பட்டை, ஒரு தேக்கரண்டி முழு மிளகு. கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையில் நான் வாங்குகிற அதே சாமான்கள்தான். நாம் பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுகிற அன்னாசிப்பூவில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும்தான் வருகிறது என்று அந்தக் கடைக்காரரே சொல்வார். அப்புறம் நாலு மேஜைக்கரண்டி சோயா சாஸ். உப்பே போடாதீர்கள், சாஸில் இருக்கிற உப்பு போதும். கறி முங்குகிற அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். இந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கறி விறைத்துக்கொள்ளும் என்பது அமா சொன்னது.

பாட்டில் என்று வாங்க வேண்டியது அந்தச் சோயா சாஸ் ஒன்றுதான். வாங்கும்போது பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் போட்டு மாசக்கணக்கில் நொதிக்க வைத்தது ஒரு ரகம். அமிலத்தில் சில நாளில் கரைத்து, நிறம் சேர்த்தது இன்னொரு ரகம். இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். விலையும் ருசியும் வேறே. விலை கூடினதை வாங்கினாலும் ஒரு சின்ன பாட்டில் எங்கள் வீட்டில் மூன்று மாசம் வருகிறது.

ஒரு கொதி வந்ததும் அமா சொல்கிற இரண்டே வார்த்தை, “அப்பி கெச்சில்.” தீ சின்னது. சட்டியின் ஓரத்தில் மட்டும் முட்டை முட்டையாகக் குமிழி வர வேண்டும், நடுவில் கொதிக்கக் கூடாது. மூடி போட்டு ஒன்றரை மணி நேரம். நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறப்பேன். “துங்கு” என்பார். பொறு என்று அர்த்தம். கையில் இருக்கிற சாப்பாட்டுக் குச்சியால் தோலைக் குத்திப் பார்ப்பார். குச்சி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால்தான் அடுப்பை அணைப்பார். இன்றைக்கு நான் ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கிறேன்.

குக்கரில் நாலு விசில் விட்டால் என்ன ஆகிறது? கறி நாராகப் பிரிகிறது. கொழுப்பு கரைந்து மேலே எண்ணெயாக நிற்கிறது. தோல் தனியாகக் கழன்று சுருண்டுவிடுகிறது. சின்னத் தீயில் விட்டால் அந்தத் தோலே குழம்புக்குப் பசையாகிறது. மாவும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். ஆறினதும் உதட்டில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். கேஸ் செலவு என்பீர்கள். சிம்மில் ஒன்றரை மணி நேரம் எரிவதையும், மைதா பிசைந்து மூன்று தவணை எண்ணெயில் பொரிக்கிற செலவையும் கணக்குப் பாருங்கள்.

அமாவின் மகன், அந்தப் பள்ளிக்கூட ஆசிரியர், ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் சீனாவில் சூ தோங்போ என்று ஒரு பெரிய கவிஞர், அரசாங்க அதிகாரியும்கூட. 1080இல் பதவி இறக்கி ஹுவாங்ஜோ என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊரில் பன்றிக்கறி மண் விலைக்குக் கிடைக்கிறது, பணக்காரன் தின்ன மாட்டேன் என்கிறான், ஏழைக்கு ஆக்கத் தெரியவில்லை என்று அவர் எழுதினாராம். கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து, தீயை அடக்கி, அவசரப்படுத்தாமல் விட்டால் அதுவே ருசியாகிவிடும் என்றும் எழுதினாராம். ஹாங்ஜோ என்ற இன்னொரு ஊரில் இன்றும் அவர் பெயரிலேயே ஒரு பன்றிக்கறிப் பண்டம் இருக்கிறது. அதையும் தோலோடுதான் ஆக்குகிறார்கள்.

பழக்கமில்லாத இறைச்சி என்ற வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். என் மகளுக்குத் தமிழ் நடத்திய ஆசிரியை ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறதாம். கள் விற்கிறவர்கள் வீட்டில் ஆண் பன்றியைப் பெண் பன்றியோடு சேரவிடாமல், குழிக்குள் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிப் பல நாள் வளர்த்து, அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோடு பாணனுக்குக் கொடுத்தார்கள் என்று. கொழுப்புக்காகவே வளர்த்திருக்கிறார்கள் பாருங்கள். நாம் அதைச் சீவி எறியச் சொல்கிறோம். மதுரையைச் சுற்றி எத்தனையோ ஊர்களில், எத்தனையோ தெருக்களில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிற கறி இது. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை வயிறார ஒரு கறிச்சோறு என்றால் பல வீட்டில் இதுதான். ‘நமக்கு’ என்று எழுதும்போது அந்த வீடுகளை எல்லாம் உங்கள் குறிப்பு கணக்கில் சேர்க்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் 2009இல் நகரின் வேறொரு பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தோம். பெயர் வேண்டாம். கறி வாங்கினால் கறுப்புப் பையில் போட்டு, அதை ஒரு துணிப் பைக்குள் வைத்துக் கொண்டு வருவேன். ஜன்னலைச் சாத்திவிட்டு ஆக்குவேன். மூன்றாவது மாசம் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றுகொண்டே, “என்னம்மா, ஒரு மாதிரி வாடை வருது?” என்றார். சொன்னேன். அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். முன்பணத்தில் வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டார். சாமானைக் கட்டும்போது எனக்கு அந்த ஒன்பதாவது மாடி வீடுதான் நினைவுக்கு வந்தது. சீன எழுத்தில் ‘வீடு’ என்று எழுதினால் மேலே ஒரு கூரை, கீழே ஒரு பன்றி. பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது அந்த ஆசிரியர் எனக்கும் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். ரொம்ப நாள் அந்தக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருந்தேன்.

அதனால்தான் வாடை தெரியாமல் செய்வது எப்படி என்று ஒரு பத்திரிகை சொல்லிக் கொடுத்தால் எனக்கு வலிக்கிறது. அன்னாசிப்பூவும் பூண்டும் கற்கண்டும் சேர்ந்து கொதிக்கிற வாசத்தில் கறியின் வாசமும் இருக்கத்தான் வேண்டும். இப்போது குடியிருக்கிற ஞானஒளிவுபுரத்துக்கு வந்தபிறகு நான் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஆக்குகிறேன்.

மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பா குட் தே’ என்று ஒன்று உண்டு. கறி எலும்புத் தேநீர் என்று பெயரே தவிர, அதில் தேயிலை இல்லை, தேநீரைப் பக்கத்தில் வைத்துக் குடிப்பார்கள். விலா எலும்பு ஒரு கிலோ, உரிக்காத முழுப்பூண்டு இரண்டு, ஒன்றிரண்டாகத் தட்டின மிளகு இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு, அவ்வளவுதான். அங்கே வெள்ளை மிளகு, நான் கறுப்பு மிளகே போடுகிறேன். சளி பிடித்த வீட்டில் மிளகு ரசம் வைக்கிற கைக்கு இது சுலபமாக வரும். எலும்பிலிருந்து கறி கழன்று வருகிற வரைக்கும் சின்னத் தீ.

அமாவின் மருமகள் கேன்டனீஸ்காரர், கேன்டன் பக்கத்துச் சீனர். அவர் செய்தது கைமா. கொழுப்புச் சேர்ந்த கைமா அரைக் கிலோவில் சோயா சாஸ், சோளமாவு, மிளகுத்தூள் எல்லாம் ஒவ்வொரு கரண்டி, ஒரு சிட்டிகை சீனி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரே பக்கமாகவே கையால் சுற்றிச் சுற்றிப் பிசைவார். மாற்றிச் சுற்றினால் திட்டுவார். பசை மாதிரி ஆனதும் தட்டில் அடை போலப் பரப்பி, மேலே கருவாட்டுத் துண்டும் இஞ்சிச் சீவலும் வைத்து ஆவியில் இருபது நிமிஷம். ஆமாம், கருவாடுதான். நான் வஞ்சிரக் கருவாட்டை அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவி வைக்கிறேன், இட்லிச் சட்டியிலேயே வேகிறது. தட்டில் ஊறி நிற்கிற அந்தச் சாற்றைச் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தால் வேறு குழம்பே வேண்டாம். பன்றிக்கறியும் கருவாடும் ஒரே தட்டிலா என்று என் தங்கச்சி முகத்தைச் சுளித்தாள். இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் கேட்பது அதைத்தான்.

அந்த மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பன்றிக்கால் வந்தது. பெரிய மண்பானையில் முற்றின இஞ்சி கிலோ கணக்கில், இனிப்புக் கறுப்பு வினிகர், பன்றிக்கால், அவித்த முட்டை. பெற்றவள் ஒரு மாசம் அதைச் சாப்பிட வேண்டும், பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு கிண்ணம். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சுக்கும் கொடுப்பதை நான் அமாவிடம் சொன்னபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். 2016இல் என் மகள் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தபோது அதைச் செய்தேன். கறுப்பு வினிகர் கிடைக்கவில்லை, சாதா வினிகரும் கருப்பட்டியும் போட்டேன். அதே ருசி வரவில்லை, ஆனாலும் நன்றாகவே இருந்தது. புளிப்புச் சாமான் என்பதால் மண்பானையில்தான் ஆக்க வேண்டும், அலுமினியத்தில் கூடாது. சம்பந்தியம்மா முதல் நாள் தொடவில்லை. மூன்றாம் நாள், “கசாயம் மாதிரி இருக்குன்னீங்களே மதினி, கொஞ்சம் ஊத்துங்க பாப்போம்” என்று அவரே கேட்டார்.

ஒரு பயத்தையும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் போட்டால் பதிலுக்கு அதைத்தான் எழுதுவார்கள். பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்பது. என் மகள் செவிலியர், அவள் விளக்கியதைச் சொல்கிறேன். சரியாக வேகாத கறியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளையில் கட்டியாக வருவது வேறு விதம். நாடாப்புழு இருக்கிற மனுஷரின் மலத்தில் வெளியாகிற முட்டை, கழுவாத கையாலோ, தண்ணீராலோ, பச்சைக் காய்கறியாலோ இன்னொருவர் வயிற்றுக்குள் போவதால்தான் அது வருகிறது. கறியே தொடாதவருக்கும் வரும். கையைக் கழுவுங்கள், கொத்தமல்லித் தழையைக் கழுவுங்கள், கறியை நன்றாக வேக விடுங்கள். ஒன்றரை மணி நேரம் வேகிற சட்டியில் எந்தப் புழுவும் பிழைக்காது. வீட்டில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றிக் கறியாகக் கேட்டு வாங்குங்கள். சாக்கடையில் மேய்ந்ததை நானும் வாங்க மாட்டேன்.

நோய்ப் பயம் எனக்குப் புதிதல்ல. 1999 மார்ச்சில் நிப்பா வைரஸ் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் பரவி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சிங்கப்பூரிலும் பன்றி அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வந்து ஒருவர் இறந்தார். மலேசியப் பன்றி வருவதை அரசாங்கம் நிறுத்தியது. சந்தையில் கறிக்கடை வரிசை வெறிச்சென்று கிடந்தது. உறைய வைத்த கறியை அமா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த வாரங்களில் முட்டையையும், சோயாப் பாலில் பன்னீர் மாதிரி எடுக்கிற சோயாக் கட்டியையும் மட்டும் போட்டு அதே தாவ் யூ குழம்பை வைத்தார். கற்கண்டு, பூண்டு, அன்னாசிப்பூ, எல்லாம் அப்படியே. கறி தின்னாத வாசகர்களுக்கு அதைச் சொல்கிறேன், பன்னீரைப் போட்டு வையுங்கள், நன்றாக வரும்.

உங்கள் குறிப்பில் இருந்த அந்தப் புளிப்பு இனிப்புப் பொரியலைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கேன்டன் பக்கத்துச் சமையலில் வினிகரும் சீனியும் சேர்த்துப் பொரித்த பன்றிக்கறி உண்டு, ஓட்டலில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அது ஓட்டல் பண்டம். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் அமா வீட்டில் ஒரு நாள்கூட அதை ஆக்கியதில்லை. வீட்டுச் சமையல் என்று தலைப்புப் போட்டால் வீட்டில் ஆக்குவதைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அமா 2011இல் இறந்துவிட்டார். மகன் போன் பண்ணிச் சொன்னார். சீனர்கள் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ கல்லறைக்குப் போய்ப் படைப்பார்கள், கறியும் வைப்பார்கள். அந்த வருஷம் அமாவுக்கு முன்னால் தாவ் யூ பா வைத்ததாகவும், நான் ஆக்குகிற மாதிரி வரவில்லை என்றும் சொன்னார். எங்களுக்கு அது தவக்காலம், வீட்டில் கறி இல்லை. ஈஸ்டர் அன்று காலையில் முதல் வேலையாகச் சட்டியை ஏற்றினேன்.

தாவ் யூ பாவில் போடுகிற முட்டையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. முட்டையைக் கறியோடு முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும். அவித்து உரித்து, கடைசி அரை மணி நேரத்தில் போடுங்கள். இரவு முழுக்க அந்தக் குழம்பிலேயே கிடந்தால் மறுநாள் வெள்ளைக்கரு டீ நிறத்துக்கு வந்திருக்கும். குழம்பும் மறுநாள்தான் ருசி, இட்லிக்கும் நன்றாக இருக்கும். இந்த முறையை அச்சிட இடமிருந்தால் அச்சிடுங்கள். இல்லாவிட்டால், வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், சொல்லாமல் பரிமாறலாம் என்று எழுதியது தவறு என்று ஒரு வரியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஞானஒளிவுபுரம், மதுரை.